ஒரு பிளேடுக்கு மட்டும் கறுப்பு அடித்தால் கழுகு தப்புமா?

ஆடிக்காற்று:
முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் 225, 250 கிலோவாட் பழைய காற்றாலை மிஷின்களைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்தும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. புதுசு வாங்கும்போதே மூன்று பிளேடில் ஒன்றைக் கறுப்பாகக் கேட்டு வாங்கிவிட வேண்டும் என்பது என் வாதம். நார்வேயில் ஸ்மோலா தீவு, 68 டர்பைன், வெண்வால் கழுகுகள் வரிசையாக அடிபட்ட இடம். அங்கே 4 டர்பைனில் ஒரு பிளேடை மட்டும் கறுப்பாக்கி, பக்கத்து 4 டர்பைனை ஒப்பீட்டுக்கு அப்படியே விட்டார்கள். 2020இல் வெளியான முடிவு: அடிபட்டுச் சாகும் பறவைகள் ஏறக்குறைய 72% குறைவு.

தூரத்தில் நின்று பார்க்கும் நமக்கு ரோட்டர் (மூன்று பிளேடும் சேர்ந்த சுழலும் பகுதி) சோம்பலாகச் சுற்றுவதாகத்தான் தெரியும். 120 மீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 12 சுற்று என்றால் பிளேடு நுனி மணிக்கு சுமார் 270 கி.மீ. வேகத்தில் போகிறது. கிட்டே வரும் பறவையின் விழித்திரையில் அந்த நுனி கலங்கி, ஒன்றுமே இல்லாததுபோல ஆகிவிடும். மூன்றும் வெள்ளையாக இருப்பதுதான் சிக்கல். ஒன்று கறுப்பானால் கலங்கல் உடைந்து மினுக்கம் தெரியும். தொழிற்சாலையிலேயே அடித்தால் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

பிட்ச்மோட்டார்:
72% என்பதோடு "4 டர்பைன்" என்பதையும் சேர்த்துச் சொன்னீர்களே, அதுவே பெரிய விஷயம். பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். நான்கு மிஷினை வைத்து ஒரு மாவட்டத்துக்கே கொள்கை எழுத முடியாது சார்.

அடுத்தது வெயில். பிளேடு என்பது கண்ணாடி இழையும் எப்பாக்ஸியும் சேர்ந்த இரண்டு ஓடுகள். நடுவிலும் பின்விளிம்பிலும் பசை போட்டு ஒட்டியது. கறுப்பு மேற்பரப்பு வெள்ளையைவிட அதிகம் சூடேறும். ஸ்மோலா இருக்கும் அட்சரேகையில் அது பெரிய விஷயம் இல்லை. நம் ஏப்ரல் வெயிலில் காற்றில்லாமல் நிற்கும் மிஷினில் ஒரு பிளேடு மட்டும் தனிச் சூட்டில் விரிந்து சுருங்கினால், பின்விளிம்பு ஒட்டு எத்தனை வருஷம் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் கொடுக்கட்டும். எடையும் இருக்கிறது. மூன்று பிளேடையும் நிறைச்சமன் பார்த்து ஒரே செட்டாகத்தான் அனுப்புவார்கள். ஒன்றுக்கு மட்டும் கூடுதல் பூச்சு போனால் மற்ற இரண்டிலும் எடை சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். தொழிற்சாலையில் முடியும். டவரில் ஏற்றிய பிறகு கயிற்றில் தொங்கி அடிப்பது தண்டச்செலவு. கடைசியாக, விமானப் பாதுகாப்புக்காக டர்பைன் நிறத்துக்கென்று விதி இருக்கிறது. அந்த அனுமதியை யார் வாங்குவது?

பாறு:
இரண்டு பேரும் நிறத்திலேயே நிற்கிறீர்கள். பறவை முன்னால் பார்க்கிறதா என்று முதலில் கேளுங்கள். பாறுக் கழுகுகளின் பார்வைப் புலத்தை அளந்த ஆய்வு 2012இல் வந்தது. புருவ எலும்பு மேலே துருத்தியிருப்பதால் தலைக்கு மேல் பெரிய குருட்டுப் பகுதி உண்டு. இரை தேடத் தலையைக் கீழே சாய்த்ததும் அந்தக் குருட்டுப் பகுதி பறக்கும் திசைக்கு வந்துவிடும். அதாவது எதிரே இருக்கும் பிளேடு பார்வைக்குள்ளேயே வராது. கறுப்போ சிவப்போ, வராத பொருளுக்கு என்ன நிறம் அடித்து என்ன?

பலன் கண்ட வழி ஸ்பெயினில் இருக்கிறது. தரிஃபா பக்கம் காடிஸ் மாகாணத்தில் 13 காற்றாலைப் பண்ணைகள், 296 டர்பைன். எல்லா டர்பைனும் ஒரே அளவு கொல்லவில்லை. சாவுகள் சிலவற்றில் குவிந்திருந்தன. பயிற்சி பெற்ற ஆட்களை நிறுத்தி, பாறு நெருங்கும்போது அந்தந்த மிஷினை மட்டும் நிறுத்தச் சொன்னார்கள். பாறு சாவு பாதியானது. ஆண்டு மின் உற்பத்தியில் போனது 0.07%. அதே முறையை 13 ஆண்டு தொடர்ந்த பிறகு பாறுச் சாவு 92.8% குறைந்திருந்தது, உற்பத்தி இழப்பு 0.51%க்குள்.

பிட்ச்மோட்டார்:
நிறுத்துவது சுவிட்சைத் தட்டுவதுபோல இல்லை. பிளேடுகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்ப வேண்டும், பிறகு ரோட்டர் வேகம் தணிய வேண்டும். சாதாரண நிறுத்தத்துக்குச் சுமார் 30 நொடி வையுங்கள். கழுகு நொடிக்கு 15 மீட்டர் வந்தால் அதற்குள் 450 மீட்டர் கடந்திருக்கும். ஆள் பார்த்து, இனம் கண்டு, போன் போட 10 நொடி என்றால் இன்னொரு 150. ஆக 600 மீட்டருக்கு அப்பாலேயே முடிவு எடுத்தாக வேண்டும். அவசர பிரேக்கைப் போட்டால் சீக்கிரம் நிற்கும்தான். தினம் நாலு தடவை போட்டால் கியர்பாக்ஸ் பல்லைக் காட்டிவிடும்.

ஆடிக்காற்று:
அதற்குத்தானே கேமரா? அமெரிக்காவின் வயோமிங்கில் 'டாப் ஆஃப் த வேர்ல்ட்' பண்ணையில் ஐடென்டிஃபிளைட் வைத்திருக்கிறார்கள். கம்பத்தின் மேல் சுற்றிலும் அகலப் பார்வைக் கேமராக்கள், நடுவில் பறவையைப் பின்தொடரும் இரட்டைக் கேமரா. சுமார் ஒரு கிலோமீட்டரிலேயே கழுகு என்று பிடித்து, தானாகவே நிறுத்தும். 2021 ஆய்வில் கழுகுச் சாவு 82% குறைவு.

பாறு:
அந்த 82ஐ நானும் கொண்டாடியிருப்பேன், 2023இல் அதே தரவை வேறு இருவர் மறுபடி அலசாமல் இருந்திருந்தால். கேமரா வைத்த பண்ணை ஒன்று, வைக்காத ஒப்பீட்டுப் பண்ணை ஒன்று. இரண்டுக்கும் நடுவே வேறு காரணத்தால் வந்த வித்தியாசத்தைப் பிரிக்க வழியில்லை. சாவு குறைந்ததற்குப் போதிய சான்று இல்லை என்பது அவர்கள் முடிவு. கருவி பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் 82% என்று டெண்டரில் எழுதக்கூடாது.

சுழலி77:
இவ்வளவு அக்கறையும் காற்றாலைக்கு மட்டும் ஏன்? அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடிக்குக் குறையாமல் பறவைகளைக் கொல்கின்றன. காற்றாலைகள் கொல்வது சில லட்சம். எங்கள் பக்கம் செத்த கழுகு ஒன்றையும் யாரும் பார்த்ததில்லை.

பாறு:
பூனை எந்த ஊரில் பொன்கழுகைப் பிடித்தது? சிட்டுக்குருவி வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈடு குஞ்சு பொரிக்கும். பொன்கழுகு முதல் முட்டை இடவே நாலைந்து வயதாகும். பெரும்பாலும் இரண்டு முட்டை, அதில் ஒன்றுதான் தேறும். கலிஃபோர்னியாவின் ஆல்டமாண்ட் கணவாய்க் காற்றாலைகளில் ஆண்டுக்கு 75 முதல் 116 பொன்கழுகு சாவதாக 2004 அறிக்கை கணக்கிட்டது. அந்த எண்ணைப் பூனைக் கணக்கோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

"பார்த்ததில்லை" என்பதற்கு வருகிறேன். வல்லூறு அளவு பறவை என்று வையுங்கள். தேடுபவர் கண்ணில் படுவது பாதி. அடுத்த தேடலுக்குள் நாயும் நரியும் கீரியும் தூக்கிப்போகாமல் மிஞ்சுவது 40%. தேடிய பரப்பில் விழுந்திருக்கக்கூடியது 80%. மூன்றையும் பெருக்கினால் 0.16. கையில் 4 கிடைத்தால் உண்மையில் 25 செத்திருக்கலாம். இந்த விகிதங்களை ஊகித்து எழுதக்கூடாது: கணக்கெண் போட்ட செத்த பறவைகளை வேறொருவர் முன்கூட்டிப் போட்டுவைத்து, தேடுபவர் எத்தனை எடுக்கிறார், எத்தனை நாளில் காணாமல் போகிறது என்று அந்தந்த இடத்திலேயே சோதிக்க வேண்டும். கோழியைப் போட்டுச் சோதித்துக் கழுகுக்குக் கணக்கு போடுவதும் தப்பு; கோழி சீக்கிரம் போய்விடும். தேடவே இல்லை என்றால் கணக்கு எதற்கு, 0.16ஆல் பூஜ்யத்தை வகுத்தாலும் பூஜ்யம்தான்.

இன்னொன்று, பறவை அடிபடாமலேயே இடத்தைக் காலி செய்யும். மகாராஷ்டிரத்தில் சாத்தாரா பக்கம் சால்கேவாடி மேட்டுநிலத்தில் செய்து 2018இல் வெளியான ஆய்வில், டர்பைன் உள்ள இடத்தில் இரைகொல்லிப் பறவைகள் ஏறக்குறைய நான்கு மடங்கு குறைவு, ஓணான் வகைப் பல்லிகள் அதிகம்.

33கேவி:
எல்லோரும் மேலேயே பார்க்கிறீர்கள். பண்ணைக்குள் ஓடும் லைனைப் பாருங்கள் அண்ணே. இரும்புக் குறுக்குக்கையில் கழுகு உட்காரும், கம்பி அதன் இறக்கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும், தொட்டால் முடிந்தது. அமெரிக்க வழிகாட்டியில் பொன்கழுகுக்குக் கிடைமட்டத்தில் 150 செ.மீ., செங்குத்தில் 100 செ.மீ. இடைவெளி. இருக்கிற கம்பத்தை மாற்ற முடியாவிட்டால் நடுக் கம்பிக்கு உறை, ஜம்பருக்கு (கம்பத்தில் கம்பிகளை இணைக்கும் குட்டைக் கம்பி) காப்புக் குழாய். ஜம்பரை மறந்துவிட்டு உறை மட்டும் போட்டால் பிரயோஜனம் இல்லை. டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஜம்பர்தான் முதல் எமன். புதிய பண்ணைக்கு டர்பைன்களுக்கு இடையே நிலத்தடி கேபிள், அவ்வளவுதான்.

ஆடிக்காற்று:
லைனை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டர்பைன் பிரச்சினை அதனால் மறையாது. பெரிய மிஷின் வந்தால் எண்ணிக்கை குறையும், கீழ் நுனி உயரும். பழைய 225 கிலோவாட்டில் ரோட்டர் 27 மீட்டர், டவர் 30 சொச்சம். கீழ் நுனி தரையிலிருந்து 17, 18 மீட்டரில் ஓடும். புல்வெளி மேல் தாழப் பறந்து வேட்டையாடும் பூனைப்பருந்துக்கு அது நேர்முகத் தாக்குதல். 120 மீட்டர் டவர், 120 மீட்டர் ரோட்டர் என்றால் கீழ் நுனி 60 மீட்டருக்குப் போய்விடும்.

பாறு:
பூனைப்பருந்துக்கு நல்லது. வட்டமிட்டு ஏறும் ராசாளிக்கு? அதன் உயரத்துக்குள் ரோட்டரைக் கொண்டுபோகிறீர்கள். உங்கள் பெயருக்கேற்ற ஆடிக்காற்றுக் காலத்தில் வலசைப் பறவைகள் இங்கே கிடையாது. அவை வருவது ஐப்பசி வாக்கில், காற்று தளர்ந்த பிறகு. அதுதான் நிறுத்துவதற்குச் சாதகம்: மே முதல் செப்டம்பர் வரைதான் நம் உற்பத்தியின் பெரும்பகுதி. நவம்பர் பகலில் நாலு மிஷினை ஒரு மணி நேரம் நிறுத்தினால் யாருடைய குடி முழுகும்? தரிஃபாவிலும் பாறுகள் அதிகம் செத்தது வெப்பக் காற்றோட்டம் குறைந்த குளிர்காலத்தில்தான். மேலே தூக்கிவிடக் காற்று இல்லாமல் மலைச்சரிவை ஒட்டி ரோட்டர் உயரத்திலேயே வந்தன. சரிவின் முகட்டு ஓரத்தில் டர்பைன் வைக்காமல் பின்னால் தள்ளி வையுங்கள். அடியில் செத்த மாட்டைப் போட விடாதீர்கள். கற்குவியலை அப்புறப்படுத்துங்கள், அதில் எலியும் ஓணானும் சேரும். இவை பெயிண்டைவிட மலிவு.

பிட்ச்மோட்டார்:
நவம்பர் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "பறவைக்காக நிறுத்தம்" என்று மின் கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். அது இல்லாவிட்டால் கண்ட்ரோல் ரூமில் இருக்கும் பையன் கை வைக்க மாட்டான். மிஷின் கிடைப்புநிலை (ஓடத் தயாராக இருக்கும் நேரத்தின் பங்கு) 95%க்குக் கீழே போனால் பராமரிப்பு ஒப்பந்தத்தில் அபராதம் அவன் தலையில் விழும் என்று பயப்படுவான். அமெரிக்காவில் 2022இல் நெக்ஸ்ட்எராவின் துணை நிறுவனம் 150 கழுகாவது செத்ததை ஒப்புக்கொண்டு 80 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. அங்கே நிறுத்தாததற்கு விலை உண்டு. இங்கே இப்போதைக்கு நிறுத்துவதற்குத்தான் விலை.

ஆடிக்காற்று:
ஒப்பந்தத்தில் அந்த வரி வரும்வரை ஒரு பத்து மிஷினிலாவது கறுப்பு அடித்துப் பார்க்கலாம் அல்லவா? பக்கத்துப் பத்தை அப்படியே விட்டு?

பாறு:
செய்யுங்கள். ஆனால் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் இரண்டு வருஷம் இருபதின் அடியிலும் தேடிய கணக்கு வேண்டும். ஸ்மோலாவில் ஏழு வருஷத்துக்கு மேல் முன்கணக்கு இருந்தது.