க்வென் வெர்டன்: ஆடியவரா, ஆட்டத்தை அமைத்தவரா?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பதினோரு ஆண்டுகளாகப் பரதநாட்டியம் பயின்று வருகிறேன். கல்லூரியில் அமெரிக்க இசைநாடக மேடையின் நடனத்தைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுத வேண்டியிருப்பதால், ஒரு மாதமாக க்வென் வெர்டனின் வாழ்க்கையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர் அமெரிக்க நாடக உலகின் உயர்ந்த விருதான டோனியை நான்கு முறை பெற்றவர் என்பதும், 1950களில் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அவருக்கு நிகரான நடனக் கலைஞரைக் காண்பது அரிது என்பதும் எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டுள்ளன. ஆனால் அவரை நடிகை, நடனக் கலைஞர் என்று குறிப்பிடும் சிலர் நடன அமைப்பாளர் என்ற சொல்லைத் தவிர்க்கிறார்கள்; வேறு சிலர் அதையும் சேர்த்தே எழுதுகிறார்கள். அவர் ஆடிய புகழ்பெற்ற ஆட்டங்களுக்கெல்லாம் அமைப்பாளராகப் பதிவாகியிருப்பது பெரும்பாலும் அவருடைய கணவர் பாப் ஃபாஸியின் பெயர்தான்.

என் கேள்வி இதுதான்: அவரை நடன அமைப்பாளர் என்று எழுதுவது சரியா? அவருடைய ஆட்டத்தில் பரதநாட்டியத்தின் சாயல் உண்டு என்று ஓரிடத்தில் படித்தேன். அது உண்மையா, அல்லது நம்மவர்கள் பெருமைக்காகச் சொல்லிக்கொள்வதா? விவரம் அறிந்தவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய ரசிகன்

நல்ல கேள்வி, தங்கையே. முதலில் அவருடைய வாழ்க்கையை வரிசையாகப் பார்த்துவிடுவோம். பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

வெர்டன் 1925 ஜனவரி 13 அன்று கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் பிறந்தார். தந்தை எம்ஜிஎம் படப்பிடிப்பு நிறுவனத்தில் மின்பணியாளர். தாய், டெனிஷான் நடனக் குழுவில் ஆடியவர்; ரூத் செயின்ட் டெனிஸும் டெட் ஷானும் நடத்திய குழு அது. குழந்தைப் பருவத்தில் எலும்புகளை வலுவிழக்கச் செய்யும் ரிக்கெட்ஸ் நோயால் வெர்டனின் கால்கள் வளைந்துவிட்டதால், கனத்த மருத்துவக் காலணிகளையும் இரும்புப் பட்டைகளையும் அணிந்துதான் நடந்தார். உடன் படித்த பிள்ளைகள் அவரை நொண்டி என்று கேலி செய்தார்கள். கால்கள் வலுப்பெற வேண்டும் என்பதற்காகத் தாய் அவரை மூன்று வயதிலேயே நடன வகுப்பில் சேர்த்தார். ஆறு வயதில் அவர் மேடையேறிவிட்டார். பதினேழு வயதில் வீட்டுக்குத் தெரியாமல் திருமணம் செய்துகொண்டு, ஒரு மகனைப் பெற்று, நடனத்தை விட்டு விலகி, அந்த மணவாழ்வு முறிந்த பின்னர் மீண்டும் நடனத்துக்கே திரும்பினார்.

திரும்பி வந்தவர் சேர்ந்த இடம்தான் முக்கியமானது. ஜாக் கோல் என்ற நடன அமைப்பாளரிடம் அவர் சில ஆண்டுகள் உதவியாளராகப் பணியாற்றினார். ஹாலிவுட்டில் கோல் அமைத்த ஆட்டங்களை முதலில் தன் உடலில் வாங்கி ஆடிக் காட்டுவதும், பின்னர் அவற்றை நட்சத்திரங்களுக்குக் கற்றுத்தருவதும் அவருடைய வேலை. 1953இல் வெளிவந்த 'ஜென்டில்மென் ப்ரிஃபர் ப்ளாண்ட்ஸ்' படத்துக்காக மர்லின் மன்றோவுக்கும் ஜேன் ரசலுக்கும் பயிற்சி அளித்தவர்களில் அவரும் ஒருவர். திரையில் நாம் காண்பது மன்றோவை. அந்த அசைவுகள் மன்றோவைச் சென்றடைந்த வழியில் வெர்டன் நின்றிருந்தார்.

அதே 1953இன் மே 7 அன்று பிராட்வேயில் 'கேன்-கேன்' அரங்கேறியது. அதில் வெர்டன் இரண்டாம் நிலைப் பாத்திரம்தான். முதல் இரவில் ஏதேன் தோட்டத்து நடனம் முடிந்து, அவர் அடுத்த காட்சிக்கு உடை மாற்ற ஒப்பனை அறைக்குப் போய்விட்டார். ஆனால் அரங்கத்தில் கைத்தட்டல் ஓயவில்லை; மக்கள் அவருடைய பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டே இருந்ததால் நாடகத்தைத் தொடர முடியவில்லை. இறுதியில் அவரை அழைத்து வந்து, உடலில் துண்டைப் போர்த்திய கோலத்திலேயே மேடையில் நிறுத்தி வணங்கச் செய்தார்கள். அவருடைய முதல் டோனி விருது அந்த வேடத்துக்குக் கிடைத்ததே. அந்த நாடகத்தின் நடன அமைப்பாளர் மைக்கேல் கிட் என்பதைக் கவனியுங்கள். ஃபாஸியுடன் பணியாற்றத் தொடங்குவதற்கு முன்பே வெர்டன் வெர்டனாகிவிட்டார். ஃபாஸியே அவரை உருவாக்கினார் என்று எழுதுபவர்கள் இந்த ஓர் இரவை மறந்துவிடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

அதன் பிறகு 1955இல் 'டேம் யாங்கீஸ்', 1957இல் 'நியூ கேர்ள் இன் டவுன்', 1959இல் 'ரெட்ஹெட்' ஆகிய மூன்றுக்கும் டோனி விருதுகள். மூன்றிலும் நடன அமைப்பு ஃபாஸியுடையது. 'ரெட்ஹெட்' நாடகத்தில் தான் நடிக்க வேண்டுமானால் ஃபாஸியையே இயக்குநராகவும் அமர்த்த வேண்டும் என்று வெர்டன் நிபந்தனை விதித்தார். அதுவரை நடனம் மட்டும் அமைத்துவந்த ஃபாஸி, இயக்குநர் ஆனது அப்படித்தான். 1960இல் இருவரும் மணந்துகொண்டார்கள்.

தஞ்சைச் சலங்கை

பரதநாட்டியத் தொடர்பைப் பற்றி நான் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளாக நடனம் கற்பித்து வருபவள் என்ற முறையில் இந்தச் செய்தியில் எனக்கு ஈடுபாடு அதிகம். அதனாலேயே அளவோடு சொல்ல விரும்புகிறேன்.

தொடர்பு உண்மையானதுதான், மகளே. ஆனால் அது நேரடியானது அன்று. ஜாக் கோலும் டெனிஷானிலிருந்து வந்தவர். அங்கே ஆடப்பட்ட 'இந்திய' நடனங்களில் பெரும்பகுதி படங்களையும் கற்பனையையும் கொண்டு ஆக்கப்பட்டவை. கோல் அதில் நிறைவடையாமல் பரதநாட்டியத்தின் முறையான பயிற்சியைத் தேடிக் கற்றார். பின்னர் 1930களின் பிற்பகுதியில், அடவுகள் என்ற அதன் அடிப்படை ஆட்ட அலகுகளையும் கை அசைவுகளையும் ஸ்விங் என்ற ஜாஸ் இசைக்குப் பொருத்தி நியூயார்க் இரவு விடுதிகளில் ஆடினார். அமெரிக்க ஜாஸ் நடனத்தின் தந்தை என்று அவரை அழைப்பவர்கள், அந்த நடைக்குள் முழங்கால் மடக்கித் தாழ்ந்து நிற்கும் நம் அரைமண்டி மடிந்து கிடப்பதை எப்போதும் சொல்வதில்லை.

வெர்டனின் ஆட்டத்தைப் பார்க்கும்போது இந்த இடங்களை மட்டும் கவனியுங்கள். உடல் தாழ்ந்து, முழங்கால் மடங்கி, எடை தரையில் இறங்கியிருக்கும். அந்தத் தாழ்வின் மேல் கழுத்து தனியாக நகரும், தோள் தனியாக நகரும், மணிக்கட்டு தனியாகத் திரும்பும். ஓர் உறுப்பு அசையும்போது மற்றவை அசைவற்று நிற்கும். நம் வகுப்பில் அட்டமி என்ற கழுத்தசைவைப் பயிலும் குழந்தையிடம், தலை மட்டும் போகட்டும், தோள் வரக்கூடாது என்று எத்தனை நாள் சொல்லியிருப்போம்! அந்த ஒழுங்குதான் இது. பார்வையும் அப்படியே: கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்ற நம் பாடம், கோலின் பள்ளியில் வேறு பெயரில் இருந்தது. ஆனால் முழங்கால்களை உள்நோக்கித் திருப்புவதும், இடுப்பை ஒருபுறமாகத் தள்ளி நிற்பதும் நம்முடையவை அல்ல. அவை கேளிக்கை மேடைகளிலிருந்தும் ஃபாஸியின் உடல் அமைப்பிலிருந்தும் வந்தவை. ஆகவே பரதநாட்டியத்தின் ஒரு கிளை அங்கே போய்ச் சேர்ந்தது என்று எழுதலாமே தவிர, அவர் பரதம் ஆடினார் என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோல் அந்தப் பயிற்சியைத் தேடிய காலத்தில்தான், சென்னையில் சதிர் என்ற பெயர் மாறி பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றுக்கொண்டிருந்தது. அந்த அசைவுகளைத் தலைமுறை தலைமுறையாக உடலில் காத்துவந்த இசை வேளாளர் குடும்பத்துப் பெண்கள் அதே காலத்தில்தான் மேடையிலிருந்து விலக்கப்பட்டார்கள். யார் பெயர் பதிவாகிறது, யார் பெயர் விடுபடுகிறது என்று வெர்டனை முன்வைத்து நீங்கள் கேட்கும் கேள்வியை, அந்தப் பெண்களுக்காகவும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பக்கத்து இருக்கை

இருவரும் எழுதியவற்றை மதிக்கிறேன். ஆனாலும் மூலக் கேள்விக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை என்பதால் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன்.

நடன அமைப்பாளர் என்பது பொறுப்பைக் குறிக்கும் சொல். எந்த ஆட்டம் எங்கே தொடங்க வேண்டும், எத்தனை பேர் எந்தத் திசையில் நிற்க வேண்டும், கதையின் எந்தக் கணத்தில் பாடல் நடனமாக மாற வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்து, தவறினால் பழியையும் ஏற்பவரே அமைப்பாளர். 'நியூ கேர்ள் இன் டவுன்' நாடகத்தில் விலைமாதர் இல்லத்து நடனக் காட்சி தயாரிப்பாளர்களுக்குப் பிடிக்காமல் போனபோது, அந்தச் சண்டையைப் போட வேண்டியிருந்தவர் ஃபாஸி. வெர்டன் அவருடன் உறுதியாக நின்றார் என்பது உண்மை. ஆயினும் நின்றதும் அமைத்ததும் வேறுவேறு. வெர்டனை உயர்த்துவதற்காக ஃபாஸியின் பெயரை நாம் குறைக்க வேண்டியதில்லை. மேடையில் ஒரே நேரத்தில் ஆடவும் பாடவும் சிரிக்க வைக்கவும் நெஞ்சை உருக்கவும் தெரிந்தவர் என்பதே வெர்டனுக்குப் போதுமான பெருமை அல்லவா? 1985இல் வந்த 'கக்கூன்' படத்தில் நடனத்தை அவர் நம்பியிருக்கவில்லை. அறுபது வயது நடிகையாக நிறைவாகச் செய்திருக்கிறார்.

பழைய ரசிகன்

உங்கள் மறுப்பு நியாயமானது, ஐயா. பொறுப்பு ஃபாஸியுடையது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த நாட்களில் நடனம் எங்கே சேமிக்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒத்திகை அறையில் ஒளிப்பதிவுக் கருவி கிடையாது. அசைவுகளைக் குறியீடாக எழுதிவைக்கும் வழக்கமும் பிராட்வேயில் அரிது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பைத் தனிப் படைப்பாகப் பெயர் சொல்லி ஏற்றதே 1976இல்தான். அதுவரை ஓர் ஆட்டம் இருந்த இடம் அதை ஆடியவரின் உடல்.

1966இல் 'ஸ்வீட் சாரிட்டி' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் குட்டை உடை, தோளில் பை, ஒருபுறம் சாய்ந்த இடுப்பு. அந்த நிழலுரு வெர்டன் இல்லாமல் பிறந்திருக்காது. 1969இல் அது படமானபோது அந்த வேடம் ஷர்லி மெக்லெய்னுக்குப் போனது. தன்னிடமிருந்து கைமாறிய வேடத்தையே வெர்டன் அருகிலிருந்து மெக்லெய்னுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த நிலைமையில் எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஃபாஸி இயக்கிய 'கேபரே' படத்தின் படப்பிடிப்பு ஜெர்மனியில் நடந்தபோது, ஒரு பாடலுக்குத் தேவையான கொரில்லா உடை அங்கே சரியாகக் கிடைக்காததால், அதைக் கொண்டுவர அவரே நியூயார்க் சென்றார்.

1971இல் இருவரும் பிரிந்துவிட்டார்கள். மணமுறிவு மட்டும் செய்துகொள்ளவில்லை. பிரிந்த பிறகுதான் ஃபாஸி இயக்கி நடனம் அமைத்த 'சிகாகோ' வந்தது என்பது என் வாதத்துக்கு வலுவான இடம். மாரின் டாலஸ் வாட்கின்ஸ் எழுதிய அந்த நாடகத்தை இசைநாடகமாக்க வேண்டும் என்று நெடுங்காலமாக விரும்பியவர் வெர்டன். ஆசிரியை உயிரோடு இருந்தவரை உரிமை தரவில்லை. 1969இல் அவர் மறைந்த பின்னரே கிடைத்தது. 1975இல் அரங்கேறியபோது ராக்ஸி ஹார்ட் வேடம் ஏற்ற வெர்டனுக்கு வயது ஐம்பது. உடன் ஆடியவர் சீட்டா ரிவேரா. இடையில் வெர்டனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தபோது லைசா மின்னெல்லி சில வாரங்கள் அந்த வேடத்தை ஏற்று நாடகத்தைக் காப்பாற்றினார்.

1987 செப்டம்பர் 23 அன்று வாஷிங்டனில், 'ஸ்வீட் சாரிட்டி' மறுமேடையேற்றத்தின் முதல் இரவன்று ஃபாஸி தெருவில் மயங்கி விழுந்தார். அப்போது அருகில் இருந்தவர் வெர்டன். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1999இல் ஃபாஸியின் ஆட்டங்களைத் தொகுத்து 'ஃபாஸி' என்ற பெயரிலேயே மேடையேற்றியபோது, கலை ஆலோசகராக அமர்ந்து இளம் கலைஞர்களுக்கு வழிகாட்டியவரும் அவரே. 2000 அக்டோபர் 18 அன்று வெர்மான்டில் மகளின் வீட்டில் காலமானார். பிராட்வே அரங்குகள் விளக்குகளைத் தணித்து அவருக்கு அஞ்சலி செலுத்தின. அந்த மகள் பெற்றோரின் கலையைக் காக்க நடத்தும் அமைப்பின் பெயரில் வெர்டன் என்பது முதலிலும் ஃபாஸி என்பது அடுத்ததாகவும் வருகிறது.

என் பரிந்துரை: 'நடன அமைப்பில் உடன் உழைத்தவர்' என்று எழுதுங்கள். பதிவேடும் சிதையாது, உண்மையும் விடுபடாது.

வைகைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தச் சொற்றொடரையே பயன்படுத்துகிறேன். சலங்கை அம்மா சுட்டிய இசை வேளாளப் பெண்களைப் பற்றித் தனிப் பகுதி ஒன்றும் சேர்க்க எண்ணியுள்ளேன். அசைவுகளை நேரில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு காட்சியை மட்டும் சொல்ல வேண்டுமானால் எதைச் சொல்வீர்கள்?

தஞ்சைச் சலங்கை

1958இல் வெளியான 'டேம் யாங்கீஸ்' படத்தில் வெர்டனும் ஃபாஸியும் இணைந்து ஆடும் மாம்போ நடனத்தைப் பாருங்கள், மகளே. முதல் முறை ஒலியோடு பாருங்கள்; இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு இருவரின் தோள்களை மட்டும் பாருங்கள். அசைவு ஒன்றேதான். ஃபாஸியிடம் அது வெட்டிவிட்டதுபோல முடியும். வெர்டனிடம் முடிந்த பின்னும் விரல் நுனிவரை ஓடி, அங்கிருந்து கண்ணுக்கு ஏறும். மூன்றாம் முறை பார்க்கும்போது, நீங்கள் எழுந்து நின்று அரைமண்டியில் அமர்ந்து கூடவே செய்து பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் உடல் தடையின்றிப் போகிறது, எந்த இடத்தில் தடுக்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு இங்கே எழுதுங்கள்.