யுஎஸ்ஆர்ஏ லைட் மிக்காடோ (ஹெச்ஓ): சுற்றுக்கு ஒரு நொண்டல்

ஷெட்282:
பி அண்ட் ஓ (அமெரிக்காவின் பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்வே) 4500 எண் போட்ட பழைய ஹெச்ஓ (1:87 அளவு) மாடல் நீராவி இன்ஜின். லைட் மிக்காடோ என்பது யுஎஸ்ஆர்ஏ, அதாவது முதல் உலகப்போர்க் கால அமெரிக்க அரசு ரயில்வே நிர்வாகத்தின் வடிவமைப்பு. மெதுவாக விட்டால் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு தடவையும் சைடு ராடு (சக்கரங்களை இணைக்கும் கம்பி) ஒரே இடத்தில் தயங்கி, டக்கென்று எகிறியது. அந்த எகிறல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இன்ஜினைத் தலைகீழாகப் பிடித்து 3 வோல்ட் கொடுத்தாலும் அதே இடம்தான். அடித்தட்டைக் கழற்றினால் ஆக்சில் கியரில் (சக்கர அச்சில் உள்ள பல்சக்கரத்தில்), இரண்டு பல்லுக்கு நடுவே முடிபோல ஒரு விரிசல். பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் சுருங்கும், உள்ளே உள்ள உலோக ஆக்சில் சுருங்காது. மெலிந்த இடத்தில் வெடித்துவிடும். அங்கே பல் இடைவெளி அகலமாகி வார்ம் (மோட்டார் பக்கமிருந்து கியரைச் சுற்றும் திருகு) முட்டும். பசை நிற்காது, கியரையே மாற்றணும்.

குவார்ட்டர்90:
சுற்றுக்கு ஒரு தடவை என்றாலே கியர்தான் என்று முடிவு கட்டாதீர்கள். குவார்ட்டரிங் விலகினாலும் இதே எகிறல் வரும். குவார்ட்டரிங் என்றால் ஒரே ஆக்சிலின் இரு பக்கக் கிராங்க் பின்னுக்கும் (ராடு மாட்டும் முளை) நடுவே 90 டிகிரி. நான்கு ஆக்சிலிலும் அது ஒரே அளவாக இருக்கணும். ராடுகளைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டுங்கள். நொண்டல் போய்விட்டால் கியரில் குறையில்லை. ராடு ஓட்டையை அரத்தால் பெரிதாக்குகிற வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

டெண்டர்8:
இரண்டு பேருமே டிராக்‌ஷன் டயரை (பிடிப்புக்காகச் சக்கரப் பள்ளத்தில் போடும் ரப்பர் வளையம்) விட்டுவிட்டீர்கள். இங்கே வந்த மாடல் தலைகீழாகச் சீராக ஓடியது. தண்டவாளத்தில் வைத்ததும் பின்பக்கம் சுற்றுக்கு ஒருமுறை தூக்கிப்போட்டது. கடைசி டிரைவரில் (இன்ஜினை இழுக்கும் பெரிய சக்கரத்தில்) ரப்பர் டயர் ஓரிடத்தில் மடிந்து பள்ளத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். புது டயர் போடும் முன் பள்ளத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எண்ணெய் இருந்தால் டயர் வழுக்கிக் கழன்றுவிடும். டயர் போட்ட சக்கரம் மின்சாரம் எடுக்காது, அதனால் பிளாஸ்டிக் ஃப்ராக் (தண்டவாளங்கள் குறுக்கிடும் துண்டு) உள்ள பாயிண்டில் (தடம் பிரியும் இடத்தில்) இன்ஜின் நின்றுவிடும். டெண்டரின் (இன்ஜினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டி) எட்டுச் சக்கரத்திலிருந்தும் மின்சாரம் எடுத்து, மெல்லிய, வளையும் வயரில் இன்ஜினுக்குக் கொண்டுபோங்கள். விறைப்பான வயர் வளைவில் டெண்டரையே தடம் புரட்டும். இழுவைக்காக ஈயம் சேர்ப்பதென்றால் எடை நான்கு டிரைவர் ஆக்சில்களின் நடுமையத்தில் விழணும். முன்பக்கம் கனத்தால் கடைசி டிரைவருக்குப் பிடி குறையும்.

மாற்றுச் சக்கரம் தேடுபவர்கள் அளவைப் பார்த்து வாங்குங்கள். 1918 ஜூலையில் பால்ட்வின் கம்பெனி கட்டிய அசல் 4500, இப்போது பால்டிமோரில் பி அண்ட் ஓ ரயில் மியூசியத்தில் இருப்பது, அதன் டிரைவர் விட்டம் 63 அங்குலம். ஹெச்ஓ அளவில் 18.4 மி.மீ.

ஷெட்282:
டயர் விஷயம் சரி. ஆனால் என் பதிவில் உள்ளது தலைகீழாகவும் நொண்டியது. அது கியர்தான்.