அம்மிச்சியின் நத்தை

வாட்ஸ்அப் குழு: தோட்டத்து வீடு, கொழிஞ்சாம்பாறை

காலை 9.14
நான்: எல்லாருக்கும் வணக்கம். இங்கே நியூயார்க்கில் நடுராத்திரி ஆகப் போகிறது. இப்போதுதான் செம்மாவில் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தேன். அம்மா, அம்மிச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்க.

9.15
பெரிய மாமா: செம்மாவா? நம்ம "செம" தானா கண்ணு?

9.17
நான்: அதேதான் மாமா. மன்ஹாட்டனில் கிரீன்விச் அவென்யூவில் இருக்கிறது. 2021-ல் திறந்தார்கள், அடுத்த வருஷமே மிஷலின் நட்சத்திரம், நல்ல உணவகங்களுக்குக் கொடுக்கிற உலகப் பேர் பெற்ற தர மதிப்பு. சமையல் பொறுப்பு விஜய் குமார், நம்ம நத்தம் பக்கத்துக்காரர். 2025 ஜூனில் சிகாகோவில், அமெரிக்காவில் சமையல்காரர்களுக்குக் கொடுக்கிற பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்க வேட்டி கட்டிக்கொண்டு மேடை ஏறினாரே, அவர்தான்.

9.18
சின்ன அத்தை: இடம் கிடைப்பதே கஷ்டம் என்றாயே?

9.18
நான்: நாலாவது முயற்சியில் கிடைத்தது அத்தை, அதுவும் ராத்திரி 10 மணிக்கு.

9.24
நான்: என்ன சாப்பிட்டேன் தெரியுமா? நத்தை. மெனுவில் "நத்தை பிரட்டல்" என்று தமிழ்ப் பேரிலேயே போட்டிருக்கிறார்கள். லாங் ஐலண்டில் பெக்கோனிக் பக்கம் வளர்க்கிற நத்தையாம். ஓடு கிடையாது, சதை மட்டும், கருகருவென்று மசாலா ஒட்டிக்கொண்டு வந்தது, கூடவே கல்தோசை. முதலில் புளி, அப்புறம் இஞ்சி, கடைசியில்தான் காரம் ஏறியது. தோசையைப் பிய்த்து மசாலாவை வழித்து வாயில் வைத்தபோது நம்ம வாய்க்கால் மேட்டு அடுப்பு ஞாபகம் வந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அந்த அம்மா கடைசித் துண்டைக் கணவருக்குக் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டார்.

9.26
சின்ன மாமா: நம்ம பாலக்காட்டுப் பக்கத்து சாப்பாடு ஏதாவது இருந்ததா?

9.27
நான்: வலிய செம்மீன் மோளி இருந்தது மாமா. பேர்தான் செம்மீன், அதாவது இறால், உள்ளே லாப்ஸ்டர். தேங்காய்ப்பால், கடுகு, இஞ்சி. சாறு நன்றாக இருந்தது, ஆனால் என் மனசு நத்தையை விட்டு நகரவில்லை.

9.28
பெரிய மாமா: பில் எவ்வளவு ஆச்சு?

9.30
நான்: இந்த ஊரில் மெனுவில் போட்டிருக்கிற விலையோடு முடியாது மாமா. 100 டாலருக்குச் சாப்பிட்டால் வரி 8.875 டாலர், பரிமாறுகிறவர்களுக்கு டிப்ஸ் 20 டாலர் வைப்பது வழக்கம். ஆக 129 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மாசம் வெளியில் சாப்பிடாமல் சேர்த்துத்தான் போனேன். போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

9.41
அம்மா: படித்துக் காட்டினேன். அம்மிச்சி ஒன்றும் பேசவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கிறார்.

9.46
அம்மா: நானும் ஒன்று சொல்ல வேண்டும், இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. நான் ஆறாவது படிக்கும்போது அம்மிச்சி சோற்றுக்கு நத்தை வறுத்து வைத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் டப்பாவைத் திறந்ததும் பிள்ளைகள் "சேற்றில் கிடப்பதைத் தின்கிறாள்" என்று மூக்கைப் பொத்தினார்கள். அன்றிலிருந்து மூடியை அரைவாசி திறந்து, உள்ளே கையை விட்டுத்தான் சாப்பிட்டேன். அப்புறம் நத்தையே வேண்டாம் என்று அம்மிச்சியிடம் சண்டை போட்டேன். காரணத்தைச் சொல்லவே இல்லை.

9.48
சின்ன அத்தை: அண்ணி, எனக்கும் அதே கதைதான். யாராவது வீட்டுக்கு வந்தால் நத்தைச் சட்டியைப் பின்கட்டுக்குக் கொண்டு போய்விடுவோம்.

9.50
நான்: அம்மா, விஜய் குமாரும் சின்ன வயசில் வயலில் நத்தை பொறுக்கிய வீட்டுப் பிள்ளைதான். விருது மேடையில் அவர் பேசியதும் இதைத்தான். ஏழை சாப்பாடு, பணக்கார சாப்பாடு என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் சாப்பாடுதான் என்றார். நீங்கள் வெட்கப்பட எதுவுமே இல்லை அம்மா. அந்த டப்பாவில் இருந்ததைத்தான் இங்கே வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள்.

9.58
அம்மா: அம்மிச்சி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "மண் வாசம் வந்ததா கண்ணு?"

9.58
நான்: கொஞ்சம்கூட இல்லை அம்மிச்சி.

10.03
அம்மா: "அப்படியென்றால் அது வேற நத்தை. வயல் நத்தையை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், மண்ணைக் கக்கும். விடிந்ததும் தண்ணீரை மாற்றி வேக வைத்து, ஊக்கு முனையால் குத்தித் திருகினால் சுருளாக வெளியே வரும். வால் பக்கம் கருப்பாக இருப்பதைக் கிள்ளிப் போட வேண்டும். உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீர் கழுவ வேண்டும். அப்புறம் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் போதும். எத்தனை கழுவினாலும் துளி மண் வாசம் இருக்கும். அதுதான் ருசி."

10.05
பெரிய மாமா: நம்ம வயலில் மருந்து அடித்து அடித்து நத்தையே போய்விட்டது. குளத்துக்குக் கீழே இரண்டு வயலில் மருந்து அடிக்காமல் நடுகிறார்கள். அங்கே கிடைக்கும், நான் கேட்டு வைக்கிறேன்.

10.06
நான்: ஆடியில் வருகிறேன் மாமா. பத்து நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன்.

10.08
அம்மா: அம்மிச்சி ஊக்கு தேட எழுந்துவிட்டார். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால் கேட்கவில்லை.