கோட்டை மதிலுக்கு ஒளி அடிப்பது அழகா, அலங்கோலமா?

ஒளிவட்டம்:
குன்றின்மேல் ஒரு பழைய கற்கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மதில், மூலைக்கொரு கொத்தளம், நடுவில் உயரமான காவல் கோபுரம், ஒரு பக்கம் அகழி. பல வருடமாகத் தரையில் நட்டிருக்கும் பெரிய சோடியம் ஃப்ளட் லைட்டுகள் அதை ஆரஞ்சு நிறத்தில் காட்டிக்கொண்டிருக்கின்றன. இப்போது அதையெல்லாம் கழற்றிவிட்டு எல்இடி போட வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? என் கட்சி எளிமையானது: கோட்டை என்றால் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், நாலு பக்கமும் முழுசாக வெளிச்சம் அடிக்க வேண்டும், கூடவே நிறம் மாற்றும் வசதியும் வேண்டும். "பாரம்பரியத்தைக் கெடுக்கிறாயே" என்று உடனே யாராவது கிளம்பி வருவீர்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிரான்சின் ஷாம்போர் கோட்டையில் 1952லேயே ஒலி-ஒளிக் காட்சி நடத்திவிட்டார்கள், அந்த வகைக் காட்சிக்கே அதுதான் தொடக்கம்.

கல்தச்சன்:
கிளம்பி வந்துவிட்டேன். ஷாம்போர் உதாரணம் உங்களுக்கே எதிராகத்தான் போகும். அது காட்சி. ஆட்கள் வந்து பார்ப்பார்கள், முடிந்ததும் அணைத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் கேட்பது வருடம் முழுக்க தினமும் எரியும் விளக்கு. இரண்டும் வேறு வேறு வேலை.

அப்புறம் அந்த "முழுசாக" என்ற சொல்லில்தான் எனக்குச் சண்டையே. நேர் எதிரே நின்று சுவர் முழுக்க ஒரே சீராக ஒளியை ஊற்றினால் கல்லின் ஏற்ற இறக்கம் எல்லாம் செத்துப்போகும், ஃப்ளாஷ் போட்டு எடுத்த பாஸ்போர்ட் போட்டோவில் மூக்கு தட்டையாகிவிடுவது போல. கொத்தளம் வட்டமாக இருக்கிறது என்பதே ஒரு பக்கம் வெளிச்சமும் மறு பக்கம் நிழலும் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். மதிலின் உச்சியில் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியையும் அதைத் தாங்கும் கல் தாங்கிகளையும் பாருங்கள். பகலில் வெயில் மேலிருந்து விழும்போது அதற்கடியில் ஒரு பட்டை நிழல் இருக்கும், அந்த நிழல்தான் மதிலுக்கு கனம் கொடுக்கிறது. தரையிலிருந்து மேலே அடித்தால் எல்லாம் தலைகீழ். நிழல் விழ வேண்டிய அடிப்பாகம் பளீரென்று எரியும், மேலே பல்வரிசை மாதிரி நிற்கும் ஞாயில்கள் இருட்டில் காணாமல் போகும்.

ஒளிவட்டம்:
தரையிலிருந்து அடிக்காமல் வானத்திலிருந்தா அடிக்க முடியும்? விளக்கை எங்கேயாவது வைத்துத்தானே ஆக வேண்டும்.

கல்தச்சன்:
வைக்கலாம், யோசித்து வைக்க வேண்டும். சுவரை ஒட்டி ஓரடிக்குள் வைத்து மேல்நோக்கி உரசியபடி அடித்தால் ஒவ்வொரு கல்லின் முண்டும் முடிச்சும் எழுந்து நிற்கும். முரட்டுக் கல் மதிலுக்கு அது பிரமாதம். ஆனால் அதே உரசல் ஒளி, பிற்காலத்தில் சிமென்ட் பூசி ஒட்டுப்போட்ட இடத்தையும் காட்டிக்கொடுத்துவிடும், பகலில் யார் கண்ணிலும் படாத ஒட்டு ராத்திரியில் புண் மாதிரித் தெரியும். ஆகவே எந்தச் சுவருக்கு உரசல், எந்தச் சுவரை விட்டு விலகி நின்று மெல்ல அடிப்பது, எதைத் தொடவே கூடாது என்று சுவர் சுவராக நடந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். காவல் கோபுரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும், மதில் அதைவிட மங்கலாக இருக்கட்டும், பின்பக்கம் இருட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும். எல்லாம் ஒரே அளவுக்கு எரிந்தால் கண் எதில் நிற்கும்?

லக்ஸ்மீட்டர்:
நீங்கள் இருவரும் "பளீர்", "மங்கல்" என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், கொஞ்சம் எண்ணுக்கு வருவோம். சிஐஇ எனப்படும் சர்வதேச ஒளியியல் ஆணையம் 1993ல் ஃப்ளட் லைட்டிங்குக்கென்றே ஒரு வழிகாட்டி போட்டது. அதன்படி வெளிர் நிறக் கல்லுக்குச் சுற்றுப்புறம் இருட்டாக இருந்தால் 20 லக்ஸ் போதும் (லக்ஸ் என்பது சுவரில் வந்து விழும் வெளிச்சத்தின் அளவு), சுற்றிலும் ஊர் வெளிச்சம் அதிகம் என்றால் 60. கறுத்த கிரானைட் என்றால் கதை மாறும், 100ல் ஆரம்பித்து 300 வரை போகும். வெளிச்சம் கண்ணைக் கூசாமலும் அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யாமலும் இருக்க அதே ஆணையத்தின் இன்னொரு வழிகாட்டி இருக்கிறது. அதில் கட்டட முகப்பின் சராசரி ஒளிர்வுக்கு, அதாவது சுவரிலிருந்து திரும்பி நம் கண்ணுக்கு வரும் வெளிச்சத்துக்கு, வெளிச்சம் குறைந்த ஊர்ப்புறத்தில் சதுர மீட்டருக்கு 5 கேண்டெலா, பெரிய நகர மையத்தில் 25 என்று உச்சவரம்பு. காப்புக்காட்டு மாதிரி இயல்பிலேயே இருட்டான இடத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம்.

கணக்கு சுலபம். விழும் வெளிச்சத்தில் 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் கல் என்றால், 50 லக்ஸை 0.3ஆல் பெருக்கி π என்ற 3.14ஆல் வகுத்தால் 4.8 கேண்டெலா வரும். அதாவது ஊருக்கு வெளியே குன்றின்மேல் உள்ள கோட்டைக்கு 50 லக்ஸிலேயே வரம்பைத் தொட்டுவிட்டீர்கள். கறுத்த கல்லுக்கு லக்ஸ் கூட வேண்டும் என்பதும் இதனால்தான், விழுவதில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். ஒளிவட்டம் சார் சொல்லும் "தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்" என்பதற்கு அதிக வெளிச்சம் தேவையே இல்லை. சுற்றிலும் இருட்டு இருந்தால் 5 கேண்டெலாவே பல மைல் தூரத்துக்குத் தெரியும்.

இருள்விரும்பி:
கடைசி வரியை நான் அப்படியே வாங்கிக்கொள்கிறேன். அந்த இருட்டைத்தானே முதலில் காப்பாற்ற வேண்டும்?

கோட்டையில் மனிதன் குடியிருந்து நாளாகியிருக்கும், ஆனால் அது காலி வீடு இல்லை. கோபுர உச்சியிலும் சுரங்க வழியிலும் கல் இடுக்கிலும் வௌவால் இருக்கும். தென்மேற்கு ஸ்வீடனில் கிராமத் தேவாலயங்களில் குட்டி போட்டு வளர்க்கும் நீள்காது வௌவால்களை 1980களில் ஒருமுறை கணக்கெடுத்து, மறுபடி 2016ல் போய்ப் பார்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பல தேவாலயங்களுக்கு அழகுக்காக ஃப்ளட் லைட் போட்டிருந்தார்கள். வௌவால் காலி செய்துவிட்டுப் போன தேவாலயம் ஒவ்வொன்றும் அப்படி விளக்கு போட்டதுதான். எல்லாத் திசையிலிருந்தும் அடித்த இடத்தில் பாதிப்பு ரொம்ப மோசம், ஏனென்றால் இருட்டாக வெளியேற ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை. ஹங்கேரியில் 2007ல் வந்த ஆய்வும் இதே பக்கம்தான் பேசுகிறது: ஒளி அடித்த கட்டடங்களில் வௌவால் வெளியே கிளம்புவதே தாமதமாகிறது, அந்தியில்தான் பூச்சி அதிகம், அந்த நேரம் கைவிட்டுப் போகிறது, அங்கே குட்டிகளும் சின்னதாகவே இருந்தன.

ஆக "நாலு பக்கமும்" என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை, நண்பரே.

ஒளிவட்டம்:
வௌவாலுக்காகக் கோட்டையையே இருட்டில் பூட்டிவிடலாமா? ராத்திரி அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கும் ஆட்கள் என்ன செய்வார்கள்? தேய்ந்துபோன கல் படி, ஒன்று உயரம் ஒன்று குட்டை, கால் தவறினால் யார் பொறுப்பு?

இருள்விரும்பி:
படிக்கட்டுக்கும் மதிலுக்கும் என்ன சம்பந்தம்? படிக்கு முழங்கால் உயரத்தில், கீழே மட்டும் விழும்படி மூடி போட்ட சின்ன விளக்கு போதும். மதில்மேல் அடிக்கும் வெளிச்சம் படியில் விழுவதே இல்லை, உங்கள் கண்ணில் விழுந்து படியை இன்னும் இருட்டாக்கும்.

நான் அணை அணை என்று மட்டும் சொல்லவில்லை. பிரான்சில் 2018 டிசம்பரில் வந்த அரசாணை, பாரம்பரியச் சின்னங்களுக்கு அடிக்கும் வெளிச்சத்தை நள்ளிரவு தாண்டி 1 மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்கிறது. நீங்கள் உதாரணம் காட்டிய ஷாம்போர் இருக்கும் அதே நாடுதான். அகழிப் பக்கத்தை முழு இருட்டாக விடுங்கள், மற்றதற்கு நேரக் கட்டுப்பாடு வையுங்கள், குட்டி போடும் மாதங்களில் இன்னும் குறையுங்கள்.

கல்தச்சன்:
நிறத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. பழைய சோடியம் விளக்கு ஏறக்குறைய 2000 கெல்வின், அதில் நிறம் பிரித்துக் காட்டும் திறன் நூற்றுக்கு 25ஐக்கூடத் தாண்டாது, செங்கல் சிவப்பும் கல்லின் சாம்பலும் பாசியின் பச்சையும் எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும். ஆகவே எல்இடி மாற்றம் நல்லதுதான். ஆனால் மாற்றுகிறேன் பேர்வழி என்று 4000 கெல்வினுக்குத் தாவி, தேன் நிற மணற்கல்லைப் பிணம் மாதிரி வெளுக்க வைத்த கோட்டைகளைப் பார்த்தால் வயிறு எரியும். மணற்கல்லுக்கு 2200லிருந்து 2700 வரை போதும், நீலம் குறைவதால் பூச்சியும் குறைவாக வரும். ஜப்பானின் ஹிமேஜி கோட்டை மாதிரி சுவர் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு என்றால் அங்கே கொஞ்சம் வெண்மையான ஒளி எடுபடும், அதன் அழகே அந்த வெள்ளைதான். கல்லைப் பார்த்துவிட்டு விளக்கைத் தேர்ந்தெடுங்கள். ஊதா, பச்சை, ரோஜா எல்லாம் எந்தக் கல்லிலும் இல்லை.

ஃப்யூஸ்கேரியர்:
எல்லோரும் முதல் நாள் ராத்திரியையே பேசுகிறீர்கள், பத்தாவது வருடத்தை நான்தான் பேச வேண்டியிருக்கிறது. வரிசையாக முப்பது விளக்கு, அதில் ஒன்று போய்விட்டது, புதுசு வாங்கி மாட்டினால் பெட்டியில் அதே 2700 கெல்வின் என்றுதான் போட்டிருக்கும், சுவரில் அடித்தால் அந்த ஒரு இடம் மட்டும் லேசாகப் பச்சை பூத்துத் தெரியும். தயாரிக்கும்போதே நிற வேறுபாட்டை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய விளக்கைக் கேட்டு வாங்க வேண்டும், உபரியாகச் சிலவற்றையும் முதல் நாளே வாங்கி வைக்க வேண்டும். எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் பெட்டியை விளக்குக்குள்ளேயே வைத்துக் கோபுர உச்சியில் மாட்டிவிட்டு, அது போனபிறகு யார் ஏறுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் நடக்கும். கை எட்டும் இடத்தில் தனிப் பெட்டியில் வையுங்கள்.

கல்லில் துளை போடாதீர்கள், போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சுண்ணாம்புச் சாந்தில் போடுங்கள், சாந்தைத் திரும்ப அடைக்கலாம், கல்லை அடைக்க முடியாது. போல்ட் துருப்பிடிக்காத எஃகாகத்தான் இருக்க வேண்டும். சாதா இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருத்துக் கல்லையே பிளந்துவிடும். சுரங்க வழியில் விளக்கை ஈரச் சுவருக்குப் பக்கத்தில் ராப்பகலாக எரியவிட்டால் விளக்கைச் சுற்றி மட்டும் வட்டமாகப் பச்சைப் பாசி பிடிக்கும், அதையும் சொல்லி வைக்கிறேன். அப்புறம் பூச்சிக்குப் பின்னால் சிலந்தி வரும், கண்ணாடி முழுக்க வலை கட்டும், உங்கள் 50 லக்ஸ் 30 ஆகும்.

நிறம் மாற்றும் கட்டுப்பாட்டுப் பெட்டி என்றால் இன்னொரு தலைவலி. பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்? முதல் வருடம் வடிவமைத்தவரிடம் இருக்கும், அவர் போன பிறகு வந்தவன் போனவன் எல்லாம் பொத்தானை அமுக்குவான்.

ஒளிவட்டம்:
சரி, தினசரிக்கு நிறம் வேண்டாம், ஒரே வெதுவெதுப்பான வெள்ளை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் விசேஷ ராத்திரிகளுக்கு நிறத்தை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கட்டடத்தைக் கட்டியவர்கள் மின்சாரத்தையே பார்த்ததில்லை, நீங்கள் அடிக்கும் 2700 கெல்வினும் அவர்களுக்கு அந்நியம்தான். அது மட்டும் எப்படிப் பாரம்பரியம் ஆகும்?

கல்தச்சன்:
நல்ல கேள்வி, அதற்காக ஒரு வணக்கம். ஆனால் தற்காலிகமாகக் கொண்டுவந்து தரையில் வைத்து, மறுநாள் எடுத்துப்போகும் விளக்கு என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கல்லில் ஒரு ஆணிகூட ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

லக்ஸ்மீட்டர்:
இப்படியே பேசினால் பேசிக்கொண்டே இருக்கலாம். ஒரே ஒரு கொத்தளத்தை எடுத்து, இரவல் விளக்கைத் தரையில் வைத்து, உரசல் ஒன்று, தூர ஒளி ஒன்று, பாதி அளவுக்குக் குறைத்தது ஒன்று என்று அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணினிப் படத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். எதிர்க் கரையிலிருந்தும் பார்க்க வேண்டும், மதிலடியில் நின்றும் பார்க்க வேண்டும், மீட்டர் நான் தருகிறேன்.

ஒளிவட்டம்:
சம்மதம். முழு அளவிலும் ஒரு தடவை அடித்துக் காட்ட வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இருள்விரும்பி:
அடியுங்கள். அகழிப் பக்கக் கொத்தளத்தை எப்போதுமே தேர்ந்தெடுக்காதீர்கள், வௌவால் குட்டிகள் பறக்கத் தொடங்கும்வரை மற்ற பக்கமும் வேண்டாம்.