மூன்றாவது மாற்றல்

குழு: நம் வீடு

கவிதா, காலை 9:12
அவருக்கு ராணுவத்தில் மாற்றல் ஆணை வந்துவிட்டது. இன்னும் 6 வாரம்தான். 4 வருடத்தில் இது மூன்றாவது. இந்த முறை அவர் முன்னாலேயே போய்ப் பொறுப்பேற்க வேண்டுமாம். வீட்டைக் காலி செய்வது நான்தான்.

அம்மா, 9:15
இப்போதுதானே வேலையில் சேர்ந்தாய் கண்ணு? பேசாமல் நிலாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. மாப்பிள்ளை விடுப்பில் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

கவிதா, 9:21
நேற்று ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன் அம்மா. ஆனால் எல்லைப் பணி போக அவர் எங்களோடு இருப்பதே கொஞ்ச மாதம்தான். அதையும் விட்டுவிட்டால் அப்பா என்பவர் நிலாவுக்கு வீடியோ காலில் மட்டும் வருகிறவர் ஆகிவிடுவார்.

கவிதா, 9:23
வேலையை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. சேர்ந்து 8 மாதம்தான் ஆகிறது. அடுத்த நேர்காணலிலும் "ஏன் எங்குமே நிலைக்கவில்லை" என்று கேட்பார்கள். போன முறை அந்தக் கேள்விக்கு நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

சித்தி, 9:40
கவி, ஒன்று கேட்கிறேன். இப்போது இருக்கிற வீட்டில் பிரிக்காத பெட்டி எத்தனை?

கவிதா, 9:41
நாலு. பரண் மேல் இருக்கின்றன. போன தடவை கட்டிய கயிறுகூட அவிழ்க்கவில்லை. எப்படியும் மறுபடி கட்டத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டேன். ஏன் சித்தி?

சித்தி, 9:58
நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் 6 வீடும் அப்படியே போனது. அடுத்த இடத்தில் ஜன்னல் அளவு மாறுமே என்று திரைச்சீலை தைக்கவில்லை. பிரியத்தானே போகிறோம் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் மனம்விட்டுப் பேசவில்லை. 11 வருடம், கவி. ரயிலுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த வருடங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

ஏழாவது வீட்டில் உன் தம்பிக்கு 5 வயது. தூங்கப்போகும்போது "அம்மா, நம்ம வீடு எப்போ வரும்?" என்று கேட்டான். மறுநாளே எல்லாப் பெட்டியையும் பிரித்தேன். ஒரு படுக்கை விரிப்பை வெட்டித் திரை தைத்தேன். அடியில் நாலு விரல் அகலம் உள்ளே மடித்துவிட்டேன், அடுத்த ஜன்னல் உயரமாக இருந்தால் பிரித்து விடலாமே என்று. அந்தத் திரை 8 வீடு பார்த்தது. அதன் ஓரத்தில் பழைய தையல் கோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இன்னும் தெரிகின்றன.

அம்மா, 10:02
இதையெல்லாம் நீ என்னிடம் சொன்னதே இல்லையேடி.

சித்தி, 10:03
அப்போது சொல்லத் தெரியவில்லை அக்கா.

அண்ணன், 10:20
சாமான் விஷயம் நான் சொல்கிறேன். ஃப்ரிட்ஜை 24 மணி நேரம் முன்பே அணைத்து, பனி உருகியதும் துடைத்து, கதவைத் திறந்து உலரவிடு. நிமிர்த்தித்தான் ஏற்ற வேண்டும். உன்னுடையது முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷின். டிரம் ஆடாமல் பிடிக்கிற போல்ட்டுகளைப் பின்பக்கம் பூட்டாமல் லாரியில் ஏற்றவிடாதே. விமானத்தில் போனால் பவர் பேங்கைக் கைப்பையில் வை, பெட்டியில் போட்டு அனுப்ப விடமாட்டார்கள்.

கவிதா, 10:24
அந்த போல்ட்டுகள் எங்கே என்றே தெரியவில்லை அண்ணா. அந்த நாலு பெட்டியில் ஒன்றில்தான் இருக்க வேண்டும்.

அண்ணி, 12:35
இப்போதுதான் வகுப்பு முடிந்து பார்க்கிறேன். மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே கோப்பில் உன் கையில் இருக்கட்டும், லாரியில் போகக் கூடாது. அதைவிட முக்கியம், இப்போதைய ஆசிரியையிடம் எந்தப் பாடம் வரை முடிந்தது என்று அரைப் பக்கம் எழுதி வாங்கு. பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாதே. என் வகுப்புக்கு வருடத்தின் நடுவில் வந்த ஒரு பையனுக்குக் கடன் வாங்கிக் கழிப்பது சுத்தமாகத் தெரியவில்லை. பழைய பள்ளியில் அதைத் தொடங்கவே இல்லை, இங்கே நான் முடித்துவிட்டிருந்தேன். கணக்கே வராத பிள்ளை என்று 2 மாதம் நினைத்துவிட்டேன், பாவம்.

அண்ணி, 12:44
அப்புறம், நிலா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும் கவி. இடம் மாறி வளரும் பிள்ளைகளைப் பற்றி நிறைய ஆய்வு இருக்கிறது. ரூத் யூசிம் என்ற சமூகவியலாளர் 1950களில் இந்தியாவில் இருந்த அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்து, பெற்றோர் ஊருக்கும் இருக்கிற ஊருக்கும் நடுவில் வளரும் அந்தப் பிள்ளைகளுக்கு "மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்" என்று பெயர் வைத்தார். பின்னால் வந்த டேவிட் போலக் கிளம்புமுன் செய்ய வேண்டிய நாலு வேலை சொன்னார். மனத்தாங்கல் இருந்தால் தீர்த்துக்கொள்வது, நன்றி சொல்வது, விடைபெறுவது, போகிற இடத்தைப் பற்றி முன்கூட்டியே யோசிப்பது. ஆங்கிலத்தில் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் தெப்பம் என்று பொருள் வரும். மனிதர்களிடம் மட்டும் இல்லை, இடத்திடமும் பொருளிடமும் பிராணிகளிடமும் விடைபெறச் சொல்கிறார்.

கவிதா, 12:50
போன முறை அவள் அழுவாள் என்று பயந்து, தூங்கும்போதே தூக்கி வண்டியில் வைத்துவிட்டோம் அண்ணி. இப்போதும் அந்தப் பழைய வீட்டுப் பூனையைக் கேட்கிறாள்.

அண்ணி, 12:52
பரவாயில்லை. இந்த முறை அழட்டும், பக்கத்தில் நீ இரு.

சித்தி, 1:15
வேலையை நீயாக விட்டுவிடாதே. தூரத்திலிருந்து செய்ய முடியுமா என்று முதலில் கேள். முடியாது என்று அவர்கள் சொல்லட்டும். நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, நானே முடிவு கட்டிக்கொண்டு ராஜினாமா எழுதினேன். விண்ணப்பத்தில் "கணவரின் ராணுவப் பணி காரணமாக இடமாற்றம்" என்று ஒரே வரி போடு. தலைகுனிய அதில் எதுவும் இல்லை.

அம்மா, 3:30
நான் யோசித்துப் பார்த்தேன். நீ இங்கே வர வேண்டாம். புது வீட்டுக்கு நான் வருகிறேன். 10 நாள் இருந்து பெட்டி பிரித்துத் தருகிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு.

கவிதா, 3:31
அம்மா...

கவிதா, இரவு 8:47
மேலதிகாரியிடம் கேட்டேன். 3 மாதம் வீட்டிலிருந்து செய்து பார்க்கலாம், அப்புறம் பேசுவோம் என்கிறார். நாலு பெட்டியையும் இறக்கிவிட்டோம். போல்ட் மூன்றாவது பெட்டியில் இருந்தது. அதே பெட்டியில், கல்யாணமான வருடம் வாங்கிய திரைத்துணி, மடிப்புகூடக் கலையாமல். நிலா அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சித்தி, எத்தனை விரல் மடிக்க வேண்டும் என்றீர்கள்?

சித்தி, 8:49
நாலு.