"இயற்கை"ங்கற ஒரே சொல்லுக்குள்ள எத்தனை அர்த்தத்த திணிக்கிறது?

சொல்தேடி:
மொழிபெயர்ப்பு சரிபாக்குற வேலை செய்றேன். ரெண்டு நாளா ஒரு விஷயம் மனச அரிச்சிட்டே இருக்கு, இங்க கேட்டுருவோம்னு வந்துட்டேன். ஒரு ஆசிரியர் பயிற்சிக் கையேடு தமிழாக்கம் முடிஞ்சு என் கைக்கு வந்துச்சு. மூலத்துல ஒரே அத்தியாயத்துல நேச்சர்ங்கற சொல் நாலு எடத்துல வருது, நாலும் நாலு அர்த்தம். பண்ணவரு நாலுக்கும் இயற்கைன்னே போட்டுட்டாரு. "பணியின் இயற்கை", "மனித இயற்கை", "இயற்கையைப் பாதுகாப்போம்", "இயற்கை எண்கள்". நான் உக்காந்து மொத ஒண்ண பணியின் தன்மைன்னு மாத்துனேன், ரெண்டாவத மனித இயல்புன்னு, கடைசிய பாடநூல்ல இருக்கற மாதிரி இயல் எண்கள்னு. மூணாவத மட்டும் தொடல.

என் வாதம் இதுதான். நம்மகிட்ட சொல்லுக்குப் பஞ்சம் இல்ல. ஆளுக்கு சுபாவம், குணத்துக்கு இயல்பு, பொருளுக்கு தன்மை. அப்ப இயற்கைங்கற சொல்ல காடு, மலை, ஆறு, கடல், மழை இதோட நிறுத்திக்கணும். இல்லன்னா படிக்கிறவனுக்கு எது எங்கன்னே புரியாது. யாருக்காவது மறுப்பு இருந்தா சொல்லுங்க.

ஏட்டுச்சுவடி:
மறுப்பு இருக்கு தம்பி, கொஞ்சம் பலமாவே இருக்கு. நீங்க வெளிய தள்ளுறீங்களே அந்த அர்த்தந்தான் இந்த சொல்லுக்கு வீட்டுக்காரன். குறள் 374 எடுத்துப் பாருங்க, "இருவேறு உலகத்து இயற்கை". செல்வம் இருக்கறவன் வேற அறிவு இருக்கறவன் வேற, உலகத்தோட நடைமுறை அப்படின்னு சொல்றாரு, மரமும் இல்ல மழையும் இல்ல. 637ல "செயற்கை அறிந்தக் கடைத்தும் உலகத்து இயற்கை அறிந்து செயல்", அங்கயும் உலக வழக்கம்தான். 370ல ஆசைய "ஆரா இயற்கை"ன்னு சொல்றாரு, எவ்ளோ போட்டாலும் நிறையாத குணம். மூணு குறள்லயும் ஒரு புல் பூண்டு கூட கிடையாது. அப்ப "மனித இயற்கை"ன்னு எழுதுனவரு தப்பு பண்ணல, வள்ளுவர் வழியிலதான் எழுதியிருக்காரு, நீங்கதான் அடிச்சிட்டீங்க.

இன்னொன்னு, காடு மலையோட நிறுத்தணும்னா "இயற்கை எய்தினார்"ங்கறத என்ன பண்ணுவீங்க? "இயற்கை உபாதை"? "இயற்கை மரணம்"? எல்லாமே இயல்ங்கற ஒரே வேர்ல இருந்து வந்தது. இயல்னா நடக்குறது, ஆகுறது, முடியுறது. "என்னால இயலல"ன்னு சொல்றமே அதே வேர். நேச்சருக்கு மூலமான லத்தீன் சொல் நாத்தூரா, அது பிறக்கறதுங்கற சொல்லுல இருந்து வந்துச்சு, கிரேக்கத்துல இயற்கைக்கு ஃபூசிஸ், அது வளர்றதுல இருந்து. நம்ம சொல் நடக்கறதுல இருந்து. ஒரு சொல்லுக்கு இத்தன கிளை இருந்தா அது வளம், குழப்பம் இல்ல.

மழைமுகில்:
ஐயா, குறள்ல இருக்குங்கறதுக்காக இன்னைக்கு மக்கள் பேசுறத மாத்த முடியுமா? இன்னைக்கு ஒரு குழந்தைகிட்ட இயற்கைய வரைன்னு சொன்னா மரம், சூரியன், ஆறு, பறவைதான் வரையும். அந்த அர்த்தத்துக்காக ஆளுங்க ரோட்டுல எறங்கிப் போராடுறாங்க. அத நீர்த்துப் போக விடக்கூடாது, சொல்தேடி சொல்றதுதான் சரி.

ஏட்டுச்சுவடி:
அந்தக் குழந்தையோட படத்துல மனுஷன் இருப்பானா? என் பயமே அதுதான். தொல்காப்பியத்துல கருப்பொருள் பட்டியல் இருக்கு, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருளெல்லாம், "தெய்வம் உணாவே மா மரம் புள் பறை செய்தி யாழின் பகுதி"ன்னு போகும். நல்லா கவனிங்க, விலங்கு, மரம், பறவை, அதுக்கு அடுத்தாப்புல பறை, செய்ற தொழில், யாழ். மரமும் மத்தளமும் ஒரே வரிசையில நிக்குது. மனுஷன ஒரு பக்கமும் காட்ட இன்னொரு பக்கமும் வச்சு நடுவுல வேலி போடல. நீங்க இயற்கைன்னா காடு மட்டும்னு எழுத எழுத அந்த வேலிய நீங்களே ஊனுறீங்க.

ஆய்வுக்கூடம்:
வேதியியல் சொல்லிக்குடுக்குறவன், நடுவுல வர்றேன். ஏட்டுச்சுவடி சார் சொல்ற மாதிரி மனுஷனும் உள்ளதான்னு வச்சா கரையான் கட்டுன புத்து இயற்கை, மனுஷன் கட்டுன இருபது மாடியும் இயற்கை, பிளாஸ்டிக்கும் இயற்கை, அப்ப இயற்கைங்கற சொல் எதையுமே பிரிச்சுக் காட்டாது. மனுஷன் கை படாதது மட்டும்னு வச்சா வயல், தோட்டம், ஏரி, எதுவுமே இயற்கை இல்ல, ஏன்னா அதெல்லாம் வெட்டுனது, நட்டது. ஜான் ஸ்டூவர்ட் மில்னு ஒரு இங்கிலாந்து தத்துவவாதி இத அப்பவே பிரிச்சு எழுதியிருக்காரு, அவர் இறந்தப்பறம் 1874ல வெளிவந்த கட்டுரை. ஒண்ணு, உலகத்துல இருக்கற எல்லாமே இயற்கை. ரெண்டு, மனுஷன் வேணும்னு செய்யாம தானா நடக்கறது மட்டும் இயற்கை. மொத அர்த்தத்துல இயற்கையப் பின்பற்றுன்னு சொல்றதுக்குப் பொருளே இல்ல, பின்பற்றாம இருக்கவே முடியாது. ரெண்டாவது அர்த்தத்துல பின்பற்றுனா ஒரு அணையும் கட்டக்கூடாது ஒரு மருந்தும் சாப்பிடக்கூடாது.

ஆனா எனக்குக் கோவம் வர்றது மூணாவது ஒரு அர்த்தத்து மேல. இயற்கைன்னா நல்லதுங்கறது. கடலையில பிடிக்கிற பூஞ்சை ஒண்ணு அஃப்ளாடாக்சின்னு ஒரு நஞ்ச உண்டாக்குது, கல்லீரல்ல புத்துநோய் வர வைக்கும், எந்த ஆலையிலயும் செஞ்சது இல்ல. பாறையில இருந்து நிலத்தடி நீர்ல கரையுற ஆர்சனிக் நூத்துக்கு நூறு இயற்கை. இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன், எரிச்சா கரியமில வாயுதான் வரும், பேர்ல இயற்கை இருக்கறதால காத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஆளுங்க நினைக்கிறாங்க. என் மாணவன் ஒருத்தனே கேட்டான்.

மழைமுகில்:
பாம்பு விஷம் நல்லதுன்னு யாரும் சொல்லல சார். இயற்கை உரம்னு நாங்க சொல்றப்ப எதையோ ஒண்ணத்தான் சொல்றோம், சும்மா அலங்காரத்துக்கு இல்ல.

ஆய்வுக்கூடம்:
அந்த எதையோ ஒண்ணத்தான் சொல்லுங்கன்னு கேக்குறேன். தொழுவுரத்துல இருந்து வந்தாலும் யூரியாவுல இருந்து வந்தாலும் வேருக்கு நைட்ரேட் ஒண்ணுதான், செடிக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் மண்ணுல இருக்கு. தொழுவுரம் மண்ணுல கரிமத்த சேக்கும், ஈரத்தப் பிடிச்சு வைக்கும், நுண்ணுயிருக்குத் தீனி போடும், சத்த மெதுவா விடும். இதச் சொன்னீங்கன்னா நானே உங்க பக்கம் நிப்பேன். இயற்கைன்னு ஒத்த சொல்லுல நிறுத்துனா நல்ல வாதம் சொல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சு போகுது.

மழைமுகில்:
இத ஒத்துக்கிறேன். ஆனா எல்லார்கிட்டயும் கரிமம் நுண்ணுயிர்னு பேச முடியாது, சுருக்கமா ஒரு சொல் வேணும்ல. அத வியாபாரிங்க கெடுத்ததுக்கு சொல் என்ன பண்ணும்?

நிலாமுற்றம்:
ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தவ, இன்னைக்கு எழுதிடுறேன். எனக்கு குழந்தை பொறந்து ஒன்பது மாசம் ஆகுது. பதினெட்டு மணி நேரம் வலி. குழந்தையோட இதயத் துடிப்பு கொறையுதுன்னு சொல்லி ராத்திரி ரெண்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போனாங்க. காலைல கண்ண முழிச்சா, பாக்க வந்த மொத ஆள் குழந்தையக் கூட இன்னும் பாக்கல, "நேச்சுரலா ஆகலயா?"ன்னு கேட்டாங்க. அடுத்து வந்தவங்க, "இயற்கையா பெத்திருந்தா உடம்பு சீக்கிரம் தேறும்". மூணாவதா வந்தவங்க ஒண்ணும் சொல்லல, உச்சு கொட்டுனாங்க. நான் ஏதோ தப்பு பண்ண மாதிரி பல மாசம் இருந்துச்சு.

அப்புறம் ஒரு நாள் பால் குடுத்துட்டு இருக்கறப்ப யோசிச்சேன். வலி வரணும்னு ட்ரிப்ஸ்ல மருந்து ஏத்துனாங்க. குழந்தை துடிப்பப் பாக்க வயித்துல பட்டைய கட்டி மெஷின்ல மாட்டுனாங்க. அந்த மருந்து, அந்த மெஷின், எல்லாத்தோடயும் குழந்தை கீழ வழியா வந்திருந்தா அத நேச்சுரல்னுதான் சொல்லியிருப்பாங்க. அப்ப அவங்க கேட்ட இயற்கைங்கறது மருந்து இல்லாததும் இல்ல, மனுஷன் கை படாததும் இல்ல. வழக்கமா நடக்கறது, அவ்ளோதான். வழக்கமா நடக்கறது எப்படி எங்கிட்ட வர்றப்ப மட்டும் "நீ செஞ்சிருக்க வேண்டியது"ன்னு மாறுச்சு?

ஆய்வுக்கூடம்:
தங்கச்சி, நான் மில்ல வச்சு ஒரு பக்கம் எழுதுனத நீங்க ஒத்த வரியில சொல்லிட்டீங்க. இது சட்டத்துலயே நடந்திருக்கு. 1860ல போட்ட இந்திய தண்டனைச் சட்டம் 377வது பிரிவுல "இயற்கை நியதிக்கு மாறாக" உடலுறவு வச்சா குற்றம்னு இருந்துச்சு, அது என்ன நியதின்னு விளக்கமே கிடையாது. ஒப்புதலோட சேர்ற வயசுக்கு வந்தவங்க மேல அது பாயாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6ல. இடையில நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஒருபாலின உறவுல இருந்தவங்க பயந்து பயந்து வாழ்ந்தாங்க.

ஏட்டுச்சுவடி:
அம்மா, நீங்க எழுதுனதப் படிச்சிட்டு ரொம்ப நேரம் பதில் எழுத வரல. நான் நேத்து இதெல்லாம் வளம்னு எழுதுனேன். இப்பவும் வளம்தான்னு நினைக்கிறேன், ஆனா ஒண்ணு சொல்லணும். பழைய இலக்கணத்துல இந்த நல்லது கெட்டது கெடையாது. "இயற்கைப் பொருளை இற்றெனக் கிளத்தல்", "செயற்கைப் பொருளை ஆக்கமொடு கூறல்", ரெண்டும் தொல்காப்பியம். நிலம் வலிது, நீர் தண்ணிதுன்னு இயற்கைய அப்படியே சொல்லு. இன்னொன்னா ஆனத "ஆச்சு"ன்னு சொல்லு, எதனாலன்னு காரணத்தையும் சொல்லு. உரைகாரங்க குடுக்கற எடுத்துக்காட்டு, எருப் போட்டு களை எடுத்து தண்ணி கட்டுனதால பயிர் நல்லா ஆச்சுங்கறது. பாருங்க, அங்க செயற்கைங்கறது போலி இல்ல, ஒருத்தன் பாடுபட்டு நல்லாக்குனது. இன்னைக்கு "செயற்கையா சிரிக்கிறா"ன்னா பொய்ச் சிரிப்பு. விகாரமும் இப்படித்தான் போச்சு. இலக்கணத்துல ரெண்டு சொல் சேர்ற புணர்ச்சியில பொன்மலை மாறாம நின்னா இயல்பு, மரவேர்னு ஒரு எழுத்து போனா விகாரம், வெறும் மாற்றம். பேச்சுல விகாரம்னா அசிங்கம். மாறுனதெல்லாம் கெட்டதுன்னு சொல்லுக்குள்ளயே ஏத்தி வச்சிட்டோம். உங்க குழந்தை அந்தப் பழைய அர்த்தத்துல செயற்கைன்னா, நாலு பேர் ராத்திரி முழிச்சுப் பாடுபட்டதால நல்லபடியா ஆச்சுன்னு அர்த்தம்.

நிலாமுற்றம்:
இத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டேன் ஐயா.

சொல்தேடி:
நான் ஆரம்பிச்ச எடத்துக்கு வர்றேன். மனித இயற்கைன்னு அவர் போட்டது தப்பு இல்ல, ஏட்டுச்சுவடி ஐயா சொன்னது சரி, அந்த எடத்துல திருத்தத்த எடுத்துட்டேன். தன்மையும் இயல் எண்களும் இருக்கட்டும், அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். ஆனா ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்னு நான் கேட்டது வேலைக்கு ஆகாதுன்னு இப்ப தெரியுது. பல அர்த்தம் இருக்கறது பிரச்சனை இல்ல, ஒரு வாக்கியத்த ஒரு அர்த்தத்துல ஆரம்பிச்சு இன்னொன்னுல முடிக்கறதுதான் பிரச்சனை.

ஏட்டுச்சுவடி:
தன்மைய ஒத்துக்கிறேன். ஆனா இயற்கைன்னா காடு மலைன்னு நீங்க தொடாம விட்ட அந்த மூணாவதுலதான் எனக்கு இன்னும் நெருடல்.

சொல்தேடி:
அதத்தான் இன்னைக்கு மறுபடி திறந்து பாத்தேன் ஐயா. "இயற்கையைப் பாதுகாப்போம்"ங்கற தலைப்புக்குக் கீழ மூலத்துல என்ன இருக்குன்னு முழுசா படிச்சா, பள்ளிக்கூடக் கிணத்தச் சுத்தி குப்பை கொட்டாதது, மழைத் தண்ணிய சேக்கறது, விளையாடுற எடத்துல நிழலுக்கு மரம் வைக்கறது. காடும் இல்ல மலையும் இல்ல. தலைப்ப "தண்ணீரும் நிழலும்"னு மாத்தலாமான்னு கேட்டு அனுப்பியிருக்கேன், இன்னும் பதில் வரல.