மாதக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வருவதில்லை: எதை மாற்றலாம்?

கேள்வி: கோவைச் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் இயங்கும் சிறிய மனிதவள அலுவலர் சங்கம் ஒன்றுக்கு ஓராண்டாகக் கௌரவச் செயலாளராக இருக்கிறேன். வார்ப்பாலை, பம்ப்செட் தொழிற்சாலை, நூற்பாலை, மென்பொருள் நிறுவனம் எனப் பலதரப்பட்ட இடங்களில் பணிபுரியும் 90 பேர் உறுப்பினர்களாக உள்ளனர். மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு அவிநாசி சாலையில் ஓர் ஓட்டல் அரங்கில் கூடுகிறோம். சென்ற மாதம் வந்தவர்கள் 17 பேர். அவர்களிலும் நால்வர் நிர்வாகக் குழுவினர், இருவர் சிறப்புப் பேச்சாளருடன் வந்தவர்கள். சிற்றுண்டி முடிந்தபின் எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

தலைமைப் பண்பு, மன அழுத்தம், செயற்கை நுண்ணறிவு என்று தலைப்புகளைத் தேடித்தேடித்தான் வைக்கிறோம். அரங்க வாடகையை ஊதியப் பட்டியல் மென்பொருள் விற்கும் நிறுவனமோ காப்பீட்டு முகவரோ ஏற்றுக்கொள்வதால், அவர்கள் பேசுவதற்கு 20 நிமிடம் ஒதுக்குகிறோம். ஏன் வரவில்லை என்று கேட்டால் எல்லாரும் வேலைப் பளு என்கிறார்கள். ஆனால் அதே உறுப்பினர்கள் இரவு 10 மணிக்கு என்னை அழைத்து, தொழிலாளிக்குக் கொடுக்கும் சார்ஜ் மெமோவில் (குற்றச்சாட்டுக் கடிதத்தில்) இந்த வாசகத்தைச் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு அவர்களிடம் கேள்விகள் இருக்கின்றன. அவற்றை ஏன் கூட்டத்துக்குக் கொண்டுவருவதில்லை என்பதே எனக்குப் புரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: திருப்பூர் ஊதியப் பிரிவு

ஐயா, முதலில் நாளை மாற்றுங்கள். மாதச் சம்பளம் 7ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்றிருக்கும்போது, முதல் வெள்ளிக்கிழமை மாலையில் எந்த எச்.ஆர். அலுவலர் நிம்மதியாக வந்து உட்காருவார்? வருகைப் பதிவில் விடுபட்ட ஓவர்டைமைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம் அது. 15ஆம் தேதிக்குப் பிந்தைய வாரத்தில் வையுங்கள். உங்கள் ஊருக்குச் சனிக்கிழமை ஒத்துவரலாம். எங்கள் ஊர்ப் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பள நாள் என்பதால் நாங்கள் புதன்கிழமை கூடுகிறோம்.

அடுத்ததாக, ஒரு கூட்டத்தில் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுங்கள். நான் எங்கள் சங்கத்தில் எடுத்தேன். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பேச்சாளரின் தகுதிகளை ஒரு பக்கம் வாசிப்பது, பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை என்று சடங்குகளே 40 நிமிடத்தைத் தின்றிருந்தன. கேள்வி நேரத்துக்கு எஞ்சியது 6 நிமிடம். இப்போது வாழ்த்துப் பாடியதும் விஷயத்துக்குப் போய்விடுகிறோம்; பொன்னாடையை ஆண்டு விழாவுக்கென்று ஒதுக்கிவிட்டோம்.

பதில் 2: ஓசூர், இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலை

தலைப்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தவுடன் எங்கள் ஊரில் ஒரு பேச்சாளரை அழைத்தோம். 29 சட்டங்கள் நான்காகச் சுருங்கிய வரலாற்றை அவர் ஒன்றரை மணி நேரம் படக்காட்சியுடன் விளக்கினார். நல்ல பேச்சுதான், ஆனால் மறுநாள் காலை அலுவலகத்தில் எதைத் திருத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த மாதம் பேச்சாளரே இல்லை. ஓர் உறுப்பினர் பெயர் நீக்கிய சம்பளச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். மொத்தம் 30,000 ரூபாய். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000. வீட்டு வாடகைப் படி, பயணப் படி முதலியன 18,000. ஊதியக் கணக்கில் சேராமல் விலக்கிவைத்த படிகள் மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும் என்ற விதியை வெள்ளைப் பலகையில் போட்டுப் பார்த்தோம். 15,000 வரைதான் விலக்கு என்பதால் மீதி 3,000 உள்ளே வந்து, ஊதியம் 15,000 ஆனது. பத்தாண்டு பணி முடித்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற 15/26 கணக்கில் கிராஜுவிட்டி (பணிக்கொடை) 69,231 ரூபாயிலிருந்து 86,538 ரூபாயாக உயர்ந்தது. பலகையில் அந்த எண்ணைக் கண்டதும், பின்வரிசையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த கணக்குப் பிரிவு நண்பர் எழுந்து முன்னால் வந்துவிட்டார். குறித்த கால ஒப்பந்தத்தில் நேரடியாகச் சேர்ந்த பணியாளர் ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டி பெறுவார் என்பதில் தொடங்கிய விவாதம், ஓட்டல்காரர் விளக்கை அணைக்கும் வரை ஓயவில்லை.

பதில் 3: ஓய்வுபெற்ற தொழிலாளர் நல அலுவலர்

செயலாளர் அவர்களுக்கு, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்ததால் வேலைக்கு வந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். நிர்வாகம் எங்களைத் தொழிலாளர் ஆள் என்றது. தொழிற்சங்கம் நிர்வாகத்தின் ஆள் என்றது. மனம்விட்டுப் பேச எங்களுக்கு இன்னொரு ஆலையின் நல அலுவலரை விட்டால் வேறு ஆளில்லை. பெரிய பேச்சாளர்களைக் கேட்க, 1980 முதல் இயங்கும் என்.ஐ.பி.எம். (பணியாளர் மேலாண்மைக்கான தேசிய நிறுவனம்) போன்ற தேசிய அமைப்புகளின் மாநாடுகள் இருக்கின்றன. சிறு சங்கம் அவற்றோடு போட்டியிட வேண்டியதில்லை.

நாங்கள் கடைசி ஒரு மணி நேரத்தை உறுப்பினர்களின் வழக்குகளுக்கு விட்டோம். ஒருமுறை இளைஞர் ஒருவர், விடுப்பில் சென்று 12 நாள்களாகத் திரும்பாத தொழிலாளியின் பெயரை, நிலையாணைப்படி (ஆலையின் பணி விதிகளின்படி) தானே வேலையை விட்டதாகக் கொண்டு நீக்கிவிட்டதாகச் சொன்னார். நிலையாணையில் அப்படி எழுதியிருந்தாலும் விளக்கம் கேட்காமல், விசாரணை நடத்தாமல் நீக்குவது செல்லாது என்று 1993ஆம் ஆண்டில் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை மூத்தவர் ஒருவர் எடுத்துக்காட்டினார். பிறகு கடித நகலை வாங்கிப் பார்த்தோம். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது; தொழிலாளியோ ஒடியா மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர். நீக்கத்தைத் திரும்பப் பெற்று, ஒடியாவில் அழைப்புக் கடிதம் அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் அவர் மருத்துவச் சான்றிதழுடன் வந்து நின்றார்.

ஆனால் வாய் திறந்து பேசும் கூட்டத்துக்குக் காவல் வேண்டும். நிறுவனத்தின் பெயரும் தொழிலாளியின் பெயரும் சொல்லக் கூடாது. கேட்டது அரங்கத்தைத் தாண்டக் கூடாது. குறிப்பேட்டில் தலைப்பு மட்டுமே எழுத வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் ஒரு தாள் கை மாறி வந்தது. வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர்களின் பட்டியல் அது. வேறெங்கும் வேலை கொடுக்காதீர்கள் என்பது பொருள். நான் அதை மடித்துத் தலைவர் மேசையில் வைத்துவிட்டு வெளியேறினேன். ஆறு மாதம் என்னை எவரும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. உதவியாளருக்கு இதற்கு மேல் சம்பளம் தருவதில்லை என்றோ, ஒருவர் ஆளை மற்றவர் எடுப்பதில்லை என்றோ கூடிப் பேசுவதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். நிறுவனங்கள் கூடிப் பேசிப் போட்டியைக் குலைப்பதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தின் சிக்கல் ஒருபுறமிருக்க, சங்கத்தின் மானமும் போய்விடும்.

பதில் 4: தனி ஆளாக எச்.ஆர். பார்ப்பவள்

ஐயா சொன்ன வழக்கு நேரம் நல்லதுதான் என்றாலும், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் முதன்முறை ஒரு சந்தேகத்தைக் கேட்டபோது, மூத்தவர்கள் மூவர் என்னைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டுத் தொழிற்சங்கத்தோடு சமரச அலுவலர் முன்னிலையில் போட்ட தங்கள் 12(3) ஒப்பந்த வீரக்கதைகளுக்குப் போய்விட்டார்கள். என் கேள்வி, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் எங்கள் உள்ளகப் புகார்க் குழுவுக்கு, நிறுவனத்தைச் சேராத வெளி உறுப்பினரை எங்கே தேடுவது என்பது மட்டுமே. அதற்குப் பதில் வரவில்லை. கேள்விகளை முன்னதாகவே பெயரில்லாமல் எழுதி வாங்கி, செயலாளரே வாசித்தால் என்னைப் போன்றவர்களும் கேட்போம். 6 மணிக் கூட்டம் 9 மணிக்கு முடிந்தால், சூலூருக்கோ அன்னூருக்கோ பேருந்தில் திரும்ப வேண்டிய பெண்கள் அடுத்த முறை வர மாட்டார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கோவைச் செயலாளர்

அனைவருக்கும் நன்றி. நேற்று நிர்வாகக் குழுவில் இவற்றை வாசித்தேன். அடுத்த கூட்டம் மூன்றாவது சனிக்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை, உறுப்பினர் ஒருவரின் தொழிற்சாலைப் பயிற்சிக் கூடத்தில் நடக்கும். அரங்க வாடகை இல்லை என்பதால் விற்பனையாளர்களுக்கு ஒதுக்கிய 20 நிமிடமும் மிச்சம். பொன்னாடையை நிறுத்துவதற்கு மட்டும் தலைவர் இன்னும் இசையவில்லை. கேள்விகளைப் பெயரில்லாமல் அனுப்பக் கேட்டிருந்தேன். இன்று காலைக்குள் 11 வந்துவிட்டன. அவற்றில் வெளி உறுப்பினரை எங்கே தேடுவது என்ற கேள்வியே நான்கு.